பதினேழாங் கட்டையைத் தேடி

சின்ன வயதில் பதினேழாங் கட்டை என்பது ஓர் ஊரின் பெயர் என்றே நினைத்திருந்தேன். "நாங்க பதினேழாங் கட்டையில இருந்தப்ப" என்று அப்பா ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். பால்மரத் தோட்டம் (ரப்பர் தோட்டத்தை அப்படித்தான் சொல்வோம்), ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை, பக்கத்துச் சீனர் வீட்டுப் பன்றிகள், மழை பெய்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தது, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

2017 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. சிங்கப்பூரின் தெங்கா விமானத்தளத்தை விரிவாக்கப் போகிறார்கள், அதற்காக சுவா சூ காங் இடுகாட்டில் 80,500 கல்லறைகளைத் தோண்டி எடுக்கவேண்டியிருக்கும், லிம் சூ காங் சாலையின் ஒரு பகுதியும் போகும், பதிலுக்குப் புதிய சாலை போடுவார்கள் என்றது செய்தி. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நம்ம ரோடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். அடுத்த ஒன்றரை ஆண்டு அந்தச் சாலையைப் பின்தொடர்ந்து போனேன். தன் குடும்பம் வாழ்ந்த ஒரு சாலையின் கதையைத் தேடிப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கட்டையைப் பற்றி. இங்கேயும் மலேசியாவிலும் நம் பெரியவர்கள் மைல்கல்லைக் கட்டை என்பார்கள். மலாய்க்காரர்கள் 'பத்து' என்பார்கள், அவர்கள் மொழியில் அது கல். தோட்டத்துக்கும் கம்பம் எனப்படும் சிற்றூருக்கும் தெருப்பெயர், வீட்டு எண் இல்லாத காலத்தில் கட்டைதான் முகவரி. கடிதமே 'இத்தனாவது மைல், இன்ன சாலை' என்று எழுதினால் வந்து சேரும். புக்கிட் தீமாவில் இன்றைக்கு பியூட்டி வேர்ல்ட் இருக்கும் இடம் ஏழாங் கட்டை. புக்கிட் பாஞ்சாங் பத்தாங் கட்டை. அங்கே டென் மைல் ஜங்ஷன் என்று ஒரு கடைத்தொகுதிக்குப் பெயர் வைத்ததும் இதனால்தான். கணக்கு தொடங்கும் இடம் தலைமை அஞ்சல் நிலையம். 1928-ல் திறந்த ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் அது இயங்கியது. இன்று அது ஹோட்டல்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. நான் செய்த முதல் காரியம், வரைபடத்தில் லிம் சூ காங் சாலையின் தொடக்கத்திலிருந்து பதினேழு கிலோமீட்டர் அளந்தது. கடலைத் தாண்டி ஜொகூருக்குள் போய் நின்றது கோடு. சரி, மைல்தான் என்று புரிந்ததும் ஃபுல்லர்ட்டனிலிருந்து அளந்தேன். 17 மைல் என்றால் 27 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆனால் கைப்பேசி சொன்ன வழி விரைவுச்சாலை வழி. கட்டை நட்ட காலத்தில் விரைவுச்சாலை ஏது? மச்சானின் காரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபுல்லர்ட்டனிலிருந்து புறப்பட்டுப் பழைய வழியிலேயே போய்ப் பார்த்தோம். நகருக்குள் இப்போது பாதி சாலைகள் ஒருவழி. சுற்றிச் சுற்றிப் போனதில் பத்தாங் கட்டைக்கு வருவதற்குள்ளேயே கணக்கு கலைந்துவிட்டது.

இதை மச்சான்தான் சரிசெய்தார். "பூஜ்யத்துலேருந்து ஏன் அளக்கணும்? தெரிஞ்ச கட்டையிலேருந்து அளங்க" என்றார். பத்தாங் கட்டை எங்கே என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அங்கிருந்து ஏழு மைல், அதாவது பதினொன்றே கால் கிலோமீட்டர். சுவா சூ காங் சாலையில் மேற்கே போய், வலப்பக்கம் லிம் சூ காங் சாலையில் திரும்பி, ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய இடத்துக்கு மிக அருகில், எல்லாரும் ஒப்புக்கொள்கிற ஒரு கட்டையைப் பிடியுங்கள். அங்கிருந்து அளந்தால் பிழை சில நூறு மீட்டருக்குள் நிற்கும்.

அப்பாவை அழைத்துப் போவதற்கு முன்னால் இடத்தைப் பார்த்து வைக்கலாம் என்று ஒரு வார நாளில் 975 பஸ் ஏறித் தனியாகப் போனேன். அதுதான் இரண்டாவது தவறு. நண்பகல் வெயில், கையில் அரை லிட்டர் தண்ணீர். அந்தச் சாலையில் நிழல் கிடையாது, சில இடங்களில் நடைபாதையும் கிடையாது. மண் லாரியும் சிமெண்டு லாரியும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது சட்டை உடம்பில் அடிக்கும். திரும்பி வர பஸ்ஸுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். தண்ணீர் தீர்ந்து தலை சுற்றியது. காலை ஏழு மணிக்குப் போய்ப் பத்துக்குள் திரும்புங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள், கொசு அதிகம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். போகும்போதே திரும்பும் பஸ் எப்போது என்று பார்த்து வையுங்கள். இன்னொன்று, சாலையின் பல பகுதிகளில் வேலியில் சிவப்புப் பலகை இருக்கும். துப்பாக்கி ஏந்திய காவலரின் படம் போட்டு, நான்கு மொழிகளிலும், தமிழிலும்தான், எச்சரித்திருப்பார்கள். அந்தப் பக்கம் கைப்பேசியைத் தூக்காதீர்கள், காட்டுக்குள்ளும் இறங்காதீர்கள். ராணுவம் பயிற்சி செய்யும் இடம் அது. எனக்கு வேண்டியதெல்லாம் சாலையோரத்தில் நின்றே கிடைத்தது.

அன்று ஓர் உருப்படியான காரியமும் நடந்தது. கட்டடமே இல்லாத சாலையில் ஓர் இடத்தை எப்படிக் குறித்துக்கொள்வது என்று யோசித்தபோது விளக்குக் கம்பத்தைக் கவனித்தேன். சிங்கப்பூரில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் எண் உண்டு. 'இத்தனாம் எண் கம்பத்துக்கு எதிரே வாய்க்கால் பாலம்' என்று எழுதிக்கொண்டால் மறுமுறை வரும்போது அதே இடத்தில் போய் நிற்கலாம். வரைபடத்தின் இருப்பிடக் குறியையும் சேர்த்துக் குறித்தேன். ஏனென்றால் இந்தச் சாலையின் கம்பங்களை நம்ப முடியாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் போனபோது லிம் சூ காங் சாலையில் ஒரு நீளமான பகுதி, நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அது விமான ஓடுபாதையாக மாறக்கூடிய பகுதி. 1986-லிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகாயப்படை அங்கே பயிற்சி நடத்தியிருக்கிறது. 2016 நவம்பரில் ஏழாவது முறை. விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், சாலைப் பலகை எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு நாளில் 2,500 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் உள்ள ஓடுபாதை ஆக்கினார்கள். போர் விமானங்கள் அதில் இறங்கி ஏறின. சாதாரண ஓடுபாதை இதைவிட நல்ல அகலம். விமானிக்கு அங்கே பிசகவே இடமில்லை. நான் கம்பத்தின் அடியைக் குனிந்து பார்த்தேன். இரும்புத் தட்டின் நான்கு மூலையிலும் பெரிய திருகாணிகள், மரையில் கிரீஸ் இன்னும் ஈரமாக மின்னியது. நகருக்குள் கம்பத்தடிகளில் துருவும் குப்பையும்தான் பார்த்திருக்கிறேன். இது எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக நின்றது.

பெயருக்கு வருவோம். சூ காங் என்பது இங்கே மூன்று இடங்களில் வரும்: சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங். தியோச்சூ என்ற சீன மொழியில் காங் என்றால் ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் காசுக்கட்டிச் செடியும் பயிரிட வந்த சீனர்கள் ஆற்றோரமாகக் குடியேறினார்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவர், அவர் குலப்பெயரே ஆற்றின் பெயர். லிம் குலத்தார் இருந்த ஆறு லிம் சூ காங். காசுக்கட்டி இலையைக் காய்ச்சி வற்றவைக்க விறகு ஏராளமாக வேண்டும், மண்ணும் சில ஆண்டுகளில் சோர்ந்துவிடும். காட்டை வெட்டுவார்கள், பயிரிடுவார்கள், அடுத்த ஆற்றுக்கு நகர்வார்கள். சரக்கு படகில் போனது. ஆகவே இந்தப் பகுதியின் முதல் சாலை ஆறுதான். மண்சாலையும் தார்ச்சாலையும் பின்னால், ரப்பரோடு வந்தவை. நியோ தியூ என்ற பெரியவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் பக்கத்தைச் சீர்படுத்தி மக்களைக் குடியமர்த்தினார். கிளைச்சாலை ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது.

ரப்பரோடுதான் நம் ஆட்களும் வந்தார்கள். என் தாத்தா அப்படி வந்தவர்.

2018 மே மாதம் அப்பாவை அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது 74. மச்சான் காரை மெதுவாக ஓட்ட, நான் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். சாலை தொடங்கும் இடத்தில் இடுகாடுகள். அப்பா கைகூப்பினார். அப்பாயியை 1979-ல் அங்கே இந்து இடுகாட்டில்தான் அடக்கம் செய்தார்கள். 1998-ல் அரசாங்கம் புதைக்கும் காலத்தைப் பதினைந்து ஆண்டு என்று வரையறுத்தபிறகு, எங்கள் முறை வந்தபோது எலும்புகளை எடுத்து மண்டாய் தகனச்சாலையில் எரித்துக் கடலில் கரைத்தோம். சீனக் கல்லறைகள் 45,500, முஸ்லிம் கல்லறைகள் 35,000 என்று அந்தச் செய்தியில் படித்தபோது, எங்கள் ஒரு கல்லறைக்கு நாங்கள் அலைந்த அலைச்சலை அத்தனை குடும்பங்களோடும் பெருக்கிப் பார்த்தேன்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். "எந்த வருஷம் பா?" என்று கேட்டால் அப்பா விழித்தார், தப்பாகச் சொன்னார், பிறகு கோபப்பட்டார். "அத்தை பிறந்துட்டாங்களா அப்போ?" என்று கேட்டால் உடனே பதில் வந்தது. "இங்க என்ன இருந்துச்சு?" என்றால் ஒன்றும் வராது. "பச்சை பஸ்ஸை விட்டு இறங்கினா முதல்ல என்ன வரும்?" என்றால் இறங்கி நடக்கவே தொடங்கிவிடுவார். அவர் ஞாபகம் கால் வழியாகத்தான் வந்தது. அதனால் கேள்விகளைப் பயண வரிசையில் கேளுங்கள். வீட்டில் சோபாவில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, கையில் இட வரிசையை மட்டும் எழுதுங்கள். இரண்டையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அமா கெங் பக்கம் வந்ததும் அப்பா ஜன்னலை இறக்கச் சொன்னார். பதினொன்றே கால் கிலோமீட்டர் காட்டியது வண்டி. ஓரமாக நிறுத்தி இறங்கினோம். வாய்க்காலுக்கு அப்பால் லாலாங் புல், அதற்குப் பின்னால் காடு. வீடு இல்லை, கிணறு இல்லை. எனக்கு அடி வயிற்றில் என்னவோ செய்தது. இத்தனை அலைந்து அவரை ஒரு வெற்று இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டோமே என்று.

அப்பா வாய்க்கால் ஓரமாகவே கொஞ்ச தூரம் நடந்தார். சாலைப் பக்கமாகச் சாய்ந்திருந்த ஒரு மரத்தடியில் நின்றார். பால்மரம். வயதான மரம், கிளையெல்லாம் கொடி. அதன் பட்டையில் கைவைத்துத் தடவினார். "இங்க பாரு." இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து, மரத்தின் பாதிச் சுற்று வரை, பழைய வெட்டின் தழும்பு. பட்டை மூடி வளர்ந்திருந்தாலும் விரலில் சாய்வு தெரிந்தது. சில இடத்தில் முண்டு முண்டாக வீங்கியிருந்தது. "கத்தி ஆழமாப் போயிட்டா இப்படித்தான் ஆகும். உள்ள மரத்துல பட்டுரக் கூடாது, பட்டைக்குள்ளயே நிக்கணும். கங்காணி பார்த்தார்னா அன்னைக்குச் சம்பளத்துல புடிப்பாங்க." இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் தாத்தா மரங்களை வெட்டி முடிப்பாராம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். பத்து வயதில் அப்பா பின்னாலேயே போய்க் கோப்பைப் பாலை வாளியில் ஊற்றுவார். அந்த முண்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். யார் கத்தி ஆழமாகப் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த மரத்தைத் தவிர தோட்டத்தின் எல்லையைச் சொல்ல வேறு சாட்சி இல்லை. காட்டோரத்தில் மரங்கள் ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றால் அது தோட்டமாக இருந்த இடம். பட்டையில் சாய்ந்த தழும்பு இருந்தால் பால் வெட்டிய மரம். தென்னையும் ரம்புத்தானும் சேர்ந்து நின்றால் அங்கே வீடு இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து சாலை முடியும்வரை போனோம். வழியில் கோழிப்பண்ணைகள், மீன் பண்ணைகள், ஆட்டுப்பால் விற்கும் பண்ணை. மாட்டுப் பண்ணையும் உண்டு, பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் பிள்ளைகள் பார்த்து மகிழும் மாடுகள் இந்தப் பக்கத்திலிருந்து வருபவைதான். முன்பெல்லாம் பன்றிப் பண்ணை நிறைய. 1975-ல் கிராஞ்சி ஆற்றை அணைகட்டி நீர்த்தேக்கம் ஆக்கினார்கள். குடிநீர் வரும் இடத்தில் பன்றிக் கழிவு கலக்கக் கூடாது என்று பண்ணைகளை எடுக்கச் சொன்னார்கள். அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படித்தான் போனார்கள். எங்கள் வீட்டார் 1978-ல் தெக் வாய் அடுக்குமாடிக்குப் போனார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, கம்பத்துச் சிற்றூர்களிலிருந்து வெளியேறியவர்களுக்காக நியோ தியூவில் மூன்று அடுக்குமாடி புளோக் கட்டினார்கள். அதுவும் 2002-ல் காலியாகி, பிறகு ராணுவப் பயிற்சிக்குப் போனது. இந்தச் சாலையில் எதுவும் ஓரிடத்தில் நீண்ட நாள் இருக்க விட்டதில்லை.

சாலை கடலில் முடிகிறது. எதிரே ஜொகூர், கூப்பிடு தூரம்தான். 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர்கள் அந்த நீரைக் கடந்து பக்கத்துச் சரிம்புன் கரையில் இறங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் 22-ஆம் படைப்பிரிவு அங்கே நின்று போரிட்டது. மறுநாளே தெங்கா விமானத்தளம் விழுந்தது. தாத்தா அப்போது குடும்பத்தோடு ரப்பர் காட்டுக்குள் இரண்டு இரவு படுத்திருந்ததாக அப்பா சொன்னார். அப்பா பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. கேட்ட கதைதான், ஆனாலும் கடலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபிறகு தேசிய நூலகத்துக்குப் போனேன். விக்டோரியா ஸ்திரீட் கட்டடத்தின் 11-ஆம் மாடியில் சிங்கப்பூர், தென்கிழக்காசியா பற்றிய நூல்கள் உள்ளன. நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பழைய நாளிதழ்களைத் தேடலாம். பெயரை ஒரே எழுத்தில் தேடி நிறுத்திவிடாதீர்கள். ஆங்கிலத்தில் சுவா, சூ இரண்டையுமே அந்தக் காலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். 'ஓ' போட்டும் 'யு' போட்டும் தேடுங்கள். 'மைல்' என்ற சொல்லோடு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள், அரை மைல், முக்கால் மைல் கணக்கும் வரும். எனக்கு விபத்துச் செய்தியும் நில விற்பனை விளம்பரமும்தான் அதிகம் உதவின. அவற்றில்தான் கட்டை எண்ணும் தோட்டத்தின் பெயரும் ஒன்றாக வருகின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979-லிருந்து எடுத்து வைத்திருக்கும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் பேசியவையும் உண்டு. வேறு தோட்டத்தைப் பற்றியதாக இருந்தாலும் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் என்ன கேட்கவேண்டும் என்பது அதில் தெரியும்.

எல்லாவற்றையும் தொகுத்து ஒரு கோட்டுப்படம் போட்டேன். சாலை, கட்டை, கடை, பள்ளம், மரம், வீடு, கிணறு. தீபாவளிக்கு வந்த அத்தையிடம் பெருமையாகக் காட்டினேன். அப்பாவுக்கு ஐந்து வயது இளையவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கிணறு இந்தப் பக்கம் இல்லடா. வலது பக்கம்."

"இடது பக்கம்தான்" என்றார் அப்பா.

"வலது பக்கம்ண்ணே. எத்தனை தடவை தண்ணி சேந்தியிருப்பேன்!"

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தும் யாரும் தொடவில்லை. நான் ஒன்றரை ஆண்டு போட்ட கணக்கு தடுமாறியது. கடைசியில் அத்தையின் மகள்தான் கேட்டாள், எங்கேயிருந்து வரும்போது வலது என்று.

அப்பா டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குபவர். சுவா சூ காங் பக்கமிருந்து வந்தால் அவருக்குக் கிணறு இடது. அத்தை கல்யாணத்துக்கு முன்னால் படகுத்துறைப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போனவர். தினமும் கடல் பக்கமிருந்து நடந்து திரும்புவார். அவருக்குக் கிணறு வலது. ஒரே கிணறுதான்.

கோட்டுப்படத்தின் மேல் முனையில் 'கடல்' என்றும் கீழ் முனையில் 'இடுகாடு' என்றும் அன்றைக்குத்தான் எழுதினேன். அத்தை பேனாவை வாங்கி, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, 'துவைக்கிற கல்' என்று எழுதினார். அப்பா எட்டிப் பார்த்து, "ஆமா" என்றார்.